செங்கோட்டை வட்டாரமும் தீயணைப்பு நிலையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி, செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரை, கடையநல்லூர் பக்கத்து மக்கள் தீயணைப்பு நிலையத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், நடுவில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இரவும் பகலும் லாரி ஓட்டம். சென்னை அடுக்குமாடிகளை மனதில் வைத்து எழுதிய தீத்தடுப்புக் குறிப்புகளில் பாதி இங்கே உதவாது. கேள்விகளை மக்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம், கோபமாகக் கேட்டவை உட்பட.

“பத்து நிமிஷத்துல தண்ணி தீந்துபோச்சு. தண்ணி இல்லாத வண்டிய எதுக்கு அனுப்புறாங்க?”

நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தொட்டி நிறைந்துதான் இருக்கும். வழக்கமான வண்டி 4,500 லிட்டர் பிடிக்கும். 63 மி.மீ. ஹோஸின் முனையில் 20 மி.மீ. நாசிலைப் போட்டு 5 பார் அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 லிட்டர் போகும். ஏழரை நிமிடத்தில் தொட்டி காலி. இரண்டு ஹோஸ் பிடித்தால் நான்கு நிமிடம்கூடத் தாங்காது. பத்தாவது நிமிடம் வந்து சேரும் ஆட்களுக்குக் காலி வண்டிதான் கண்ணில் படும். “தண்ணி இல்லாம வந்தாங்க” என்ற பேச்சு அப்படித்தான் கிளம்புகிறது.

12.5 மி.மீ. நாசிலில் நிமிடத்துக்கு 230 லிட்டர்தான் செலவாகும், அதே தொட்டி இருபது நிமிடம் வரும். அதனால் பெரிய தீயாக இல்லாத இடத்தில் விவரம் தெரிந்தவர் சின்ன நாசிலைத்தான் போடுவார். சுற்றி நிற்பவர்கள் “மூத்திரம் பெஞ்ச மாதிரி பீச்சுறான்” என்று கேலி செய்வதைப் பொறுத்துக்கொள்வது அவருடைய வேலையில் ஒரு பங்கு.

“பக்கத்துலதான் கிணறு நிறையத் தண்ணி கிடந்துச்சு. அதுல எடுக்கலாமே?”

வண்டியின் பம்ப் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுப்பது காற்றழுத்தத்தின் தயவில். கணக்குப்படி 10 மீட்டர் வரை ஏற வேண்டும். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பங்குனி, சித்திரையில் தண்ணீர் 12, 15 மீட்டருக்குக் கீழே கிடக்கும். எட்டிப் பார்த்தால் தெரியும், உறிஞ்ச வராது. அப்போது கைகொடுப்பது தோட்டக்காரரின் மோட்டார்தான். நிமிடத்துக்கு 300 லிட்டர் தள்ளும் மோட்டாராக இருந்தால் 15 நிமிடத்தில் தொட்டி நிறையும். ஆகவே 101-க்குப் போன் போட்ட கையோடு, கிணற்றுக்காரரைத் தேடிப் பிடித்து மோட்டார் அறையைத் திறக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கிறது. தீப்பிடித்த இடத்தில் பாதுகாப்புக்காக மின்வாரிய ஆட்கள் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும். அதே டிரான்ஸ்ஃபார்மரில்தான் கிணற்று மோட்டாரும் இருந்தால் தண்ணீர் நின்றுபோகும். வேறு டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் மோட்டார் எது, டீசல் எஞ்சின் யாரிடம் இருக்கிறது என்பது ஊரில் இரண்டு பேருக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

குளத்தில் எடுப்பது சுலபம். ஆனால் ஆகாயத்தாமரையும் பாசியும் உறிஞ்சுகுழாயின் சல்லடையை இரண்டே நிமிடத்தில் அடைத்துவிடும். சல்லடைக்கு வெளியே ஓலைக்கூடை ஒன்றைக் கட்டி இறக்கினால் தாங்கும். கூடை யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்தால் போதும்.

“எந்த நம்பருக்கு அடிக்கணும்? போன் பண்ணா மலையாளத்துல பேசுறாங்க!”

101 அல்லது 112. கட்டணம் கிடையாது. ஆம்புலன்ஸுக்கு 108, கேஸ் கசிவுக்கு 1906, மின்தடைக்கும் அறுந்த கம்பிக்கும் மின்னகம் 94987 94987.

புளியரைக்கு மேலே எஸ் வளைவு, கோட்டவாசல் பக்கம் நிற்கும்போது செல்போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்வது உண்டு. அப்போது 101 அழைப்பு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். பதறிப் போனை வைத்துவிடாதீர்கள். “தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், புளியரை” என்று முதலில் சொல்லுங்கள். ‘ஃபயர் ஃபோர்ஸ்’ என்றால் அவர்களுக்கு உடனே புரியும். இதைவிட நல்ல வழி, உங்கள் பகுதி நிலையத்தின் தரைவழி எண்ணைக் கேட்டு வாங்கிப் போனில் ஏற்றி வைத்துக்கொள்வது. அந்த எண் எந்த டவரிலிருந்து அடித்தாலும் அதே மேசையில்தான் மணியடிக்கும்.

எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ரோட்டில் நின்று யோசிக்க வேண்டாம். பக்கத்து மாநில நிலையத்தின் உதவியைக் கேட்பதெல்லாம் அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம்.

“போன்ல என்னென்ன சொல்லணும்?”

முதலில் ஊர். ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்லுங்கள். “வடகரை” என்று மட்டும் சொன்னால் அச்சன்புதூர் பக்கத்து வடகரையா, சுரண்டை போகிற வழியில் உள்ள சாம்பவர்வடகரையா? வண்டி போக வேண்டிய திசையே மாறிவிடும். “புதூர்” என்றால் இன்னும் மோசம்.

அடுத்தது, எரிவது என்ன: ஓலை வீடா, வைக்கோல் படப்பா, கேஸா, லாரியா. அதைப் பொறுத்துத்தான் வண்டியில் நுரைக்கரைசலா, மூச்சுக்கருவியா, வெட்டுக்கருவியா என்று பார்த்து ஏற்றுவார்கள். உள்ளே ஆள் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லுங்கள். பிறகு வழி: கோயிலா, ரேஷன் கடையா, தண்ணீர்த் தொட்டியா, எதன் பக்கம் திரும்ப வேண்டும்? குறுக்கே பந்தல், வளைவு, தாழ்ந்த கம்பி ஏதும் உண்டா? எடுக்கக்கூடிய தண்ணீர் எங்கே? கடைசியாக உங்கள் எண். அழைப்பு உண்மைதானா என்று பார்க்கத் திருப்பி அழைப்பார்கள், எடுங்கள். மெயின் ரோட்டுத் திருப்பத்தில் பைக்கோடு ஒரு ஆளை நிறுத்துங்கள், ராத்திரியானால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு.

“எதுக்கு ஆறு பேரு வர்றாங்க? நாலு பேர் வேடிக்கைதான பாக்குறாங்க?”

20 மி.மீ. நாசில் 5 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 32 கிலோ விசையோடு ஆளைப் பின்னுக்குத் தள்ளும். தனி ஆளாகப் பிடித்தால் கை மாறும் நேரத்தில் ஹோஸ் பாம்பு போலத் துள்ளி அடித்து எலும்பை முறிக்கும். அதனால் ஒரு ஹோஸுக்கு இருவர். இரண்டு ஹோஸுக்கு நால்வர். ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் பம்பை இயக்குபவராகிவிடுவார், அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஆறாவது ஆள் நிலைய அலுவலர் அல்லது முன்னணித் தீயணைப்பாளர். கூரை எப்போது இறங்கும், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் அது வேடிக்கை பார்ப்பது போலத்தான் தெரியும். லீவு, பயிற்சி, அயல்பணி என்று ஆள் குறைந்து நால்வர் மட்டும் வரும் நாளில் ஒரே ஹோஸ்தான் பிடிக்க முடியும்.

“எங்க வீட்டுப் பையன் ஃபயர் சர்வீஸ்ல சேரணும்ங்கான்.”

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு வைக்கிறது. 10-ம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2023 அறிவிப்பில் 3,359 இடங்களில் 674 தீயணைப்பாளர் இடங்கள். உடல்தகுதித் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். கயிற்றில் கோட்டை விடுபவர்கள் அதிகம். தோட்டத்துப் புளியமரத்தில் வடம் கட்டி ஆறு மாதம் முன்பே பழகட்டும்.

“காசு கேப்பாங்களா?”

தீயும் மீட்பும் முழுக்க இலவசம். ஆளோ மாடோ கிணற்றில் விழுந்தாலும், பாம்பு, கடந்தைக் (பெரிய குளவி) கூடு, ரோட்டில் விழுந்த மரம், விரலில் மாட்டிய மோதிரம், உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்ட குழந்தை எதுவானாலும் காசு இல்லை. விழாவுக்குப் பாதுகாப்பாக வண்டியை நிறுத்துவது, தண்ணீர் இறைத்துக் கொடுப்பது போன்றவற்றுக்கு மட்டும் அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. அதற்கு ரசீது வாங்குங்கள்.

“படப்பு பத்திக்கிட்டா ஒரு நாள் பூரா எரியுதே, ஏன் அணைக்க முடியல?”

வைக்கோல் படப்பு ஓலைக்கூரை மாதிரித்தான். மேலே விழும் தண்ணீர் தாளின் மேலேயே வழிந்து வெளியே ஓடிவிடும், உள்ளே இறங்காது. மேலே கருகி அணைந்தது போலத் தெரியும், நடுவில் கங்கு இருக்கும். 4,500 லிட்டரையும் மேலேயே கொட்டினால் அரைமணியில் மறுபடி புகையும். சரியான முறை, படப்பைப் பிரித்துப் பிரித்து நனைப்பது. கையால் பிரிக்க நாள் முழுக்க ஆகும், ஜேசிபி இருந்தால் வேலை சுருக்காக முடியும். முழுப் படப்பும் பிடித்துவிட்டது, பக்கத்தில் வீடோ தொழுவமோ இல்லை என்றால், எரிய விட்டுச் சுற்றிலும் நனைத்துக் காவல் இருப்பதே பல நேரம் புத்திசாலித்தனம். மிச்சம் கிடைக்கும் வைக்கோலை மாடு மோந்துகூடப் பார்க்காது.

“யாரோ தீ வைத்துவிட்டார்கள்” என்று முதலில் பக்கத்துத் தோட்டக்காரரைச் சந்தேகிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். கார் பருவத்து அறுப்பில், புரட்டாசி, ஐப்பசி மழையில் நனைந்த வைக்கோலைச் சரியாகக் காயவிடாமல் அடுக்கினால் அது தானாகவே சூடேறும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அடைத்து அடுக்கிய படப்பில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. அடுக்கி இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் இது நடக்கும். வெல்லப்பாகு கருகினது போல ஒரு வாடை, காலையில் படப்பின் உச்சியில் ஆவி, உச்சி ஓரிடத்தில் மட்டும் உள்வாங்குவது ஆகியவை அறிகுறிகள். கடப்பாரையை நடுவரை செருகிக் கால்மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் அதற்கு மேல் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். உள்ளே காற்று புகுந்த கணத்தில் சுவாலை எழும். வண்டி வந்து ஹோஸில் தண்ணீர் நிறைந்த பிறகு பிரிக்கலாம்.

ஒரே பெரிய படப்பாக வைக்காமல் இரண்டு மூன்றாக, இடைவெளி விட்டு, மின்கம்பிக்கு நேர் கீழே வராமல் போடுவது மலிவான காப்பீடு.

“கேரளாவுக்குப் போற வைக்கோல் லாரி ரோட்டுல எரிஞ்சா?”

பிசானம் அறுப்பு முடிந்த மாசி, பங்குனியில் இந்த ரோட்டில் வைக்கோல் லாரிகள் கூடும். சாலையின் குறுக்கே போகும் சாதாரண மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. கம்பி வெயிலில் தொய்ந்து, லோடும் அளவுக்கு மேல் ஏறியிருந்தால் இரண்டும் உரசும். பொறி விழுந்தது ஓட்டுநருக்குத் தெரியாது. எதிரே வருபவர் கத்திச் சொல்லும்போது ஒரு கிலோமீட்டர் காற்று வாங்கியிருக்கும்.

ஓட்டுநர் அண்ணாச்சிகளுக்கு: வீடு, பெட்ரோல் பங்க், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத முதல் வெட்டவெளியில் ஒதுக்குங்கள். காற்று கேபின் பக்கமிருந்து பின்னால் அடிக்கிற மாதிரி வண்டியின் முகம் இருந்தால் கேபின் தப்பும். எஞ்சினை நிறுத்தி, கை பிரேக் போட்டு இறங்குங்கள். கயிற்றை அறுத்துக் கட்டுகளைத் தள்ளுவதெல்லாம் ஒரு மூலை மட்டும் பிடித்த முதல் நிமிடத்தில்தான். மேலே ஏறக் கூடாது. அந்தக் கம்பி இன்னும் தலைக்கு மேல்தான் இருக்கும். கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில் 2022 ஜனவரியில் எரியும் வைக்கோல் லாரியை ஒருவர் மைதானத்தில் வளைத்து வளைத்து ஓட்டிக் கட்டுகளை உதிர்த்த வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. அவருக்கு மைதானம் கிடைத்தது. எஸ் வளைவில் அதை முயன்றால் லாரி பள்ளத்தில்தான் நிற்கும்.

“பரோட்டாக் கடை, வடைக் கடைக்கு என்ன சொல்வீங்க?”

பற்றிக்கொண்ட எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,700 லிட்டராக விரியும். அது எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை நிறுத்துங்கள், சட்டியை மூடும் அளவுக்குத் தகரத் தட்டு ஒன்றை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள், மூடிய பிறகு அரைமணி நேரம் திறக்காதீர்கள். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியவர்கள்தான் அதிகம் வெந்திருக்கிறார்கள்.

புகைபோக்கிக் குழாயின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. விரல் கனத்துக்கு எண்ணெய்ப்பசை படிந்த குழாயில் தீ ஏறினால் கீழே அடுப்பை அணைத்தும் மேலே எரிந்துகொண்டேயிருக்கும். மாதம் ஒருமுறை சுரண்டுங்கள்.

வீட்டில் கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டரின் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு கிடக்கும். அதனால் ஜன்னலைவிடக் கதவைத் திறப்பதுதான் முக்கியம். ரப்பர் குழாய்க்கு ஐந்து வருடம்தான் ஆயுள்.

“கிணத்துக்குள்ள தூர்வார இறங்குனவன் மயங்கிட்டான். காப்பாத்த இறங்கலாமா?”

இறங்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவர், மூன்றாமவர் என்று ஒரே வீட்டில் வரிசையாகப் போன சாவுகள் இந்த ஒரு தவறினால் வருபவை.

காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். விளக்கு அணைந்தால் நிச்சயம் இறங்கக் கூடாது. ஆனால் அணையாமல் எரிந்தால் சரி என்று அர்த்தமில்லை. 16 சதவீதம் வரைக்கும் சுடர் நிற்கும். அழுகிய சகதியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் சுடர் எரியும். முதலில் கூமுட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, “நாத்தம் போயிட்டு” என்று நினைத்து இறங்குவார்கள். டீசல் எஞ்சினைக் கிணற்றுப் படியில் இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

வண்டி வருவதற்குள் செய்யக்கூடியவை: எஞ்சின் ஓடினால் நிறுத்துங்கள். விழுந்தவருக்கு நினைவு இருந்தால் சுருக்குப் போட்ட வடத்தையோ லாரி டியூபையோ இறக்குங்கள். கயிற்றில் வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழும் ஆட்டுவது, வாளி வாளியாகத் தண்ணீரை வீசி ஊற்றுவது, நெல் தூற்றும் காற்றாடியைக் கிணற்றுவாயில் வைப்பது எல்லாம் கொஞ்சம் காற்றைக் கலக்கும். கீழே கிடப்பவருக்கு அது உதவலாம். நீங்கள் இறங்குவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

வீரர் முதுகில் மாட்டியிருக்கும் சிலிண்டர் 6 லிட்டர், 300 பார் அழுத்தம்: 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். ஆளைத் தூக்கும் வேலையில் மூச்சு வாங்கும், 25, 30 நிமிடம்தான் வரும். அழுத்தம் 55 பாருக்கு இறங்கியதும் விசில் அடிக்கும். அடித்தால் வேலை பாதியில் இருந்தாலும் மேலே வந்தாக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் மூடி குறுகலாக இருந்தால் சிலிண்டரோடு ஆள் நுழைய முடியாது. அதனால்தான் முதலில் ஸ்லாபை உடைப்பார்கள். “கட்டடம் போகுதே” என்று தடுக்காதீர்கள்.

“கடந்தை கூடு கட்டியிருக்கு. பகல்ல கூப்பிட்டா ராத்திரி வர்றோம்ங்காங்க.”

பகலில் பாதி கடந்தைகள் வெளியே இரை தேடப் போயிருக்கும். கூட்டை அழித்தால் திரும்பி வந்து அந்தத் தெருவில் யாரைப் பார்த்தாலும் கொட்டும். இருட்டிய பிறகுதான் எல்லாம் கூட்டுக்குள் அடையும். அதுவரை பனைமரத்தடியில் ஆட்டைக் கட்டாதீர்கள், பிள்ளைகள் கல்லெறியாமல் பாருங்கள். துரத்தினால் தலையை மூடிக்கொண்டு நேராக ஓடி ஏதாவது வீட்டுக்குள் புகுந்து கதவை அடையுங்கள். பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், அல்லது ஒரே கொட்டில் முகம் வீங்கி மூச்சு இரைத்தால், 108.

பாம்பு புகுந்தால்? 3 மீட்டர் தள்ளி நின்று அது எங்கே நுழைகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அடுக்களையில் பாம்பு என்று எல்லோரும் வெளியே ஓடிவிட்டால், வருகிற வீரர் வீட்டையே பிரிக்க வேண்டியிருக்கும்.

“குற்றால சீசனுக்கு என்ன ஏற்பாடு?”

ஜூனில் சாரல் தொடங்கியதும் அருவிப் பக்கம் கயிறு, மிதவை உடுப்பு, எறிகயிறு ஆகியவற்றோடு ஆட்கள் இருப்பார்கள். ஆனால் அருவியில் வெள்ளம் வருவது மேலே மலையில் பெய்த மழையால். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் வரும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. சீசன்கூட அப்போது தொடங்கவில்லை. தண்ணீர் கலங்கலாக மாறுவது, சருகும் சுள்ளியும் வருவது, இரைச்சல் கூடுவது: இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் சோப்பைக்கூட எடுக்காமல் வெளியே வாருங்கள். காவலர் விசில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

நீரில் மூழ்கியவரை எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இன்னும் நடக்கிறது. இரண்டுமே நேரத்தைத் தின்பவை. வயிற்றிலிருந்து வருவது நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊது, இப்படியே ஆம்புலன்ஸ் வரும்வரை.

“ஐப்பசி, கார்த்திகை மழைக்கு?”

2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அதற்குப் பிறகு “எங்க ஊர்ல அவ்வளவு பெய்யாது” என்று யாரும் சொல்வதில்லை. செப்டம்பர் இறுதிக்குள் நிலையத்தில் ரப்பர் படகை ஊதி ஒரு நாள் முழுக்க வைத்துக் காற்று இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தின் சங்கிலியைத் தீட்டுவார்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன் மெயினை நிறுத்துங்கள், அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், காலளவுத் தண்ணீர்தானே என்று தரைப்பாலத்தில் பைக்கை இறக்காதீர்கள்.

சபரிமலை சீசனும் இதே நேரம்தான். ரோட்டோரம் வேன் நிறுத்திச் சமைக்கும் சாமிகள் அடுப்பை வேனின் டீசல் தொட்டிக்குப் பக்கத்திலேயே பற்றவைப்பார்கள். அடுப்புக்கும் வண்டிக்கும் இருபது எட்டு இடைவெளி விடுங்கள், சாமி.

“கோடைக்கு நிலையத்துல என்ன செய்வாங்க?”

குளம், ஓடை, தொட்டிகளைச் சுற்றி வந்து எங்கே வண்டி இறங்கும், எங்கே சகதியில் புதையும் என்று பார்ப்பார்கள். பம்புக்குக் காற்றிறக்கச் சோதனை செய்வார்கள்: குழாய் வாயை அடைத்துக் காற்றை உறிஞ்சி, முள் ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது. முள் இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் குற்றவாளி உறிஞ்சுகுழாய் இணைப்பில் காய்ந்து வெடித்த ரப்பர் வாஷர்தான். அது போனால் குளத்தங்கரையில் பம்ப் கத்திக்கொண்டிருக்கும், தண்ணீர் ஏறாது.

“மலையில தீ எரியுது, வண்டி ஏன் கீழேயே நிக்குது?”

காட்டுத்தீ வனத்துறையின் பொறுப்பு. வண்டி ஏறும் பாதையும் அங்கே இல்லை. பச்சைக் குழையால் அடிப்பதும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், எதிர்த்தீ வைப்பதும் (வரும் தீக்கு எதிரே முன்கூட்டியே எரித்துவிடுவது) அவர்கள் செய்வது. எதிர்த்தீயை ஊர்க்காரர்கள் வைக்கவே கூடாது. வண்டி அடிவாரத்தில் நிற்பது தீ தோப்புகளுக்கும் வீடுகளுக்கும் இறங்கினால் மறிப்பதற்காக. தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதனால் ஓடி ஜெயிக்க முடியாது என்பதைத் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த 2018 மார்ச் 11 காட்டியது. பிப்ரவரியிலிருந்து மே வரை அனுமதியில்லாமல் மலையேறாதீர்கள்.

“தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடணும்.”

2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி கொட்டகை எரியாத பொருளில் இருக்க வேண்டும். தகரம் சரி, சாமியானாவும் ஓலையும் ஆகாது. கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர், குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு 50 மீட்டர். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு எதுவும் உள்ளே வரக் கூடாது. மின்விளக்கைச் சுவரில் பொருத்த வேண்டும், தொங்கவிடக் கூடாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் ‘3 மீட்டர்’ காகிதத்தில் மட்டும் இருப்பதால்.

கோயில் கொடைக்கு வாணவேடிக்கை வைக்கும் கமிட்டிக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை மறக்க வேண்டாம். கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அதிகாலை நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருப்பு வைத்த அறைக்குள் பொறி விழுந்ததுதான் காரணம். வெடிக்கிற இடமும் வைக்கிற இடமும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

“கடைக்கு அணைப்பான் எது வாங்க?”

பலசரக்கு, துணி, மர அறுவை மில் எல்லாவற்றுக்கும் 6 கிலோ ஏபிசி பவுடர் போதும். கம்ப்யூட்டர், சுவிட்ச் போர்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு. முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 6 கிலோ அணைப்பான் இருபது விநாடிக்குள் தீர்ந்துவிடும். பின்னை உருவி, சுவாலையின் உச்சியில் அடிக்காமல் அடியில் அடித்தால்தான் பலன். தெரு முனைக் கடைக்காரர் பலர் அதைப் பூட்டிய அறையில் வைத்திருக்கிறார்கள். கல்லாவுக்கும் வாசலுக்கும் நடுவில் மாட்டுங்கள்.

பள்ளிக்கூடம், மில், சங்கம் எதுவானாலும் கேட்டால் நிலையத்திலிருந்து வந்து செய்துகாட்டுவார்கள். பம்பாய்த் துறைமுக வெடிவிபத்து நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அப்போது கூட்டம் நெரியும், வேறு மாதத்தில் கேட்பது நல்லது.

“எங்க தெருவுக்குள்ள வண்டி வராதே?”

வண்டியின் அகலம் 2.5 மீட்டர், திரும்ப இன்னும் வேண்டும். வாசலில் இழுத்துக் கட்டிய படியும், நிறுத்திய ஆட்டோவும், கொடைப் பந்தலும் சேர்ந்தால் நுழையாது. அப்போது தெருமுனையில் நிறுத்தி ஹோஸை நீட்டுவார்கள். ஒரு ஹோஸ் வழக்கமாக 15 மீட்டர், சாதாரண நடையில் இருபது எட்டு. வண்டி நிற்கக்கூடிய இடத்திலிருந்து உங்கள் வீட்டுக் கொல்லைவரை ஒருநாள் சாயங்காலம் எட்டு வைத்து எண்ணி, இருபதால் வகுத்து, எத்தனை ஹோஸ் வேண்டும் என்று போனில் சொல்லத் தயாராக எழுதி வையுங்கள்.